தோட்டத்தில் லைட் எரியுதா

அன்புள்ள என் பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற அளவுக்கு நலமாகவே இருக்கிறோம். மாடுகளும் நலம், நொண்டிக்கொண்டிருந்த கிடாரிக்குக் கால் தேறிவிட்டது. நீ நலம் என்று ஃபோனில் சொல்கிறாய், உன் குரலில் அது பாதிதான் தெரிகிறது, மீதியை நேரில் பார்த்தால்தான் நம்புவேன். ஃபோன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஃபோனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று பேசி வைத்துவிடுவேன். தாளில் எழுதினால் நடுவில் நீ அழமாட்டாய், நானும் முடித்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது வழக்கம்போல 'தோட்டத்துல லைட் எரியுதாம்மா' என்று கேட்டாய். எரியுது என்றேன். அது பொய். அன்றைக்கு அது எரியவில்லை, அதற்கு முந்தின நாளும் எரியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நிதானமாகப் படி, நின்றுகொண்டே படிக்காதே.

இங்கே இலை கொட்டத் தொடங்கிவிட்டது. சோளம் அறுத்தாயிற்று, அடிக்கட்டைக்கு நடுவில் சிந்திய மணியைப் பொறுக்க வாத்துக் கூட்டம் வந்து இறங்குகிறது, அதுகள் போடுகிற சத்தத்தில் உன் அப்பா என்னைக் கூப்பிடுவது காதில் விழுவதில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான். காலையில் கறவை மெஷினைப் போடுவதற்கு முன்னால் காட்டோரத்தில் கலைமான் கத்துகிறது, தொண்டை கட்டிய கிழவன் சண்டைக்குக் கூப்பிடுவது போல. போன வருஷமும் இப்படித்தான் கத்தியது. அதைப் பார்க்கத்தான் உன் தம்பி விடியும் முன்பே பரண் ஏறினான், பரணிலிருந்துதான் விழுந்தான். இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு வருஷமாக இந்த வீட்டில் 'அன்னைக்கு' என்றும் 'அதுக்கப்புறம்' என்றும்தான் பேச்சு. பழத்தோட்டத்து மூலையில் பெரிய மரத்தில் அவனே பலகை அடித்துக் கட்டிய பரண், மான் பார்க்க ஒரு பக்கம், நரி பார்க்க ஒரு பக்கம் என்று அவன் பெருமையாகக் காட்டுவான். ஏணிப் படியில் ஈர இலை ஒட்டியிருந்தது, கீழே கல் மதில். மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போது அப்பாதான் பார்த்தார். அன்றிலிருந்து மாடுகளை அந்த வழியாக ஓட்டுவதில்லை, கொட்டகையைச் சுற்றி முழங்கால் சேற்றில் ஓட்டிப் போகிறார். கிழட்டுப் பசு, மற்றதெல்லாம் யாருக்குப் பின்னால் நடக்குமோ அது, அது மட்டும் அவ்வப்போது கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பரணுக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். மேயாது, கத்தாது, சும்மா நிற்கும். நானும் போய் ஓட்டி வந்ததில்லை, அவரும் போனதில்லை. தாகம் எடுத்தால் அதுவே வரும்.

பரணுக்குக் கொஞ்சம் அப்பால்தான் அவனுடைய விட்டில் பெட்டி. நீ அதைப் பார்த்திருக்கிறாய், ஆனால் அவன் தினமும் அதை என்ன செய்வான் என்று கிட்டே நின்று பார்த்தவள் நான்தான், அதனால் சொல்கிறேன். மேலே விளக்கு, விளக்குக்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே மரப்பெட்டி, பெட்டிக்குள் என் அடுப்படியிலிருந்து களவு போன முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வருகிற விட்டில்பூச்சிகள் புனலில் இறங்கி அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்துவிட்டு அதுகளை வேலிப் புதருக்குள், குருவி கண்ணில் படாத இடமாகப் பார்த்து விட்டுவிடுவான். ஒன்றுகூடச் சாகக் கூடாது அவனுக்கு. காலையில் எழுந்து திறக்க முடியாது என்று தெரிந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவான், ஒருமுறை காய்ச்சலில் அனலாகக் கொதித்துக்கொண்டு கிடந்தவன் எழுந்து போய் அதைப் பிடுங்கிவிட்டு வந்துதான் படுத்தான். இந்தப் பருவத்து விட்டில்கள் காய்ந்த இலை மாதிரியே இருக்கும். அதில் ஒன்றை விரலில் ஏற்றிக்கொண்டு சரியாக நான் பால் காய்ச்சும் நேரத்துக்கு வந்து நிற்பான். இலையைக் கொண்டுவந்து காட்டறியே, உனக்கு வேற வேலை இல்லையாடா என்பேன். இரும்மா, இரும்மா என்பான். இலை றெக்கையைத் திறக்கும், உள்ளே மஞ்சள் மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் பால் பொங்கிவிடும், அதற்கும் அவன்தான் திட்டு வாங்குவான்.

எல்லாம் முடிந்து நீயும் விமானம் ஏறிப் போன அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தோட்டத்தில் அந்த வெளிச்சம். கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவாமலே வைத்துவிட்டேன். அப்புறம் நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன், அவர்தான் போட்டிருக்கிறார், கறவை முடித்து வரும் வழியில் போட்டிருப்பார் என்று. மறுநாள் காலையில் நான் கோழிக்கூண்டைத் திறக்கப் போகும்போது அணைந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. பனி விழுந்த புல்லில் வேலியோரமாகப் பெட்டி வரைக்கும் ஒரு தடம் விழுந்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. பிள்ளையின் பெட்டியைத் தகப்பன் தினமும் திறந்து பார்க்கிறார், அதில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. போவதற்குத் தெம்பும் இல்லை, பரணைத் தாண்டித்தானே போகவேண்டும். ஒருநாள் பேச்செடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். சில நாள் அவரும் என்னை அதே மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுக் காலில் போட்டிருக்கும் செருப்பையே எங்கே எங்கே என்று தேடுவார். உனக்கு ஃபோனில் சொன்னேன், ஞாபகம் இருக்கும், அப்பா தினமும் தோட்டத்தில் விளக்குப் போடுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. விடும்மா, கண்டுக்காத என்றாய். சரி, படித்த பெண் சொல்கிறாள் என்று விட்டேன்.

கோடையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லாத்தையும் வித்துட்டு டவுன் பக்கம் போயிடலாமா என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. விளக்கை விடமுடியாமல் மண்ணையே விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார் மனுஷன் என்று எனக்கே புரிந்துவிட்டதாக நினைத்தேன். இந்த அடுப்படி, இந்தக் கோழி, அவன் நடை பழகிய முற்றம், இதையெல்லாம் விட்டுப் போவதென்றால் எனக்குப் பாதி உயிர் போன மாதிரிதான், ஆனாலும் போலாங்க என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம் மேட்டுப் பண்ணைக்காரர், நம் வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர், எத்தனையோ வருஷமாக நம் மண்ணின் மேல் கண் வைத்திருப்பவர், அவரிடம் பேசி முடித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நம் கிடாரிகளை அவர் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிப்பதில்லை. மழைக்காற்று ஆரம்பிக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேச்சு. உன்னிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம், நீ வரவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மேட்டுப் பண்ணைக்காரர் எதெது எங்களோடு வரும், எதெது இங்கேயே நிற்கும் என்று கேட்டுப் போக வந்தார். கறவை மெஷின் நிற்கும், கோழிக்கூண்டு வரும் என்று பேசிக்கொண்டே டீ குடித்தோம். கிளம்பும் நேரத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார், சாயங்காலம் தோட்டத்துல ஒரு விளக்கு எரியுதே, அதை எடுத்துக்கறீங்களா, இருக்கட்டுமா என்று. அது அவ விஷயம், அவளையே கேளுங்க என்றார் உன் அப்பா. அதே மூச்சில் நான், அது அவர் விஷயம்ங்க, எனக்குத் தெரியாது என்றேன். மேட்டுப் பண்ணைக்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார், பாவம், டம்ளரைக் கழுவிக்கூட வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா கேட்டார், நீ போடலையா? நீங்கதானே போடறீங்க என்றேன். நான் ஒருநாளும் போனதில்லடி, அந்தப் பக்கமே நான் போறதில்ல என்றார். நானும்தான் போனதில்லை. அடுப்படி மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குச் சாயங்காலக் கறவையைக்கூட மறந்துவிட்டு மாடு கத்தின பிறகுதான் அவர் எழுந்து ஓடினார், நானும் கூடவே ஓடினேன், தனியாக இருக்க முடியவில்லை. கறந்து முடித்து வந்து ஜன்னல் ஓரத்தில் நின்றோம். வெளியே மங்கிக்கொண்டு வந்தது. வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. விளக்கு எரிந்தது.

பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள் நான், உனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த நிமிஷம் நான் பயப்படவில்லை பெரியவளே. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன்தான் என்று நினைத்தேன். வந்திருக்கிறான், வேலையைப் பார்க்கிறான், கொஞ்ச நேரத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவான், பசிக்கும், என்ன இருக்கிறது வீட்டில் என்றுதான் என் புத்தி போயிற்று. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் வீட்டில் யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள், சொல். போய்ப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் என்னவென்று தெரிந்துவிடும். தெரியாமல் ஒரு ராத்திரி இருந்துவிடலாம் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம், அதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் லட்சணம் அப்படி.

கிழக்கு வெளுத்ததும் கிளம்பினோம். மாடுகளைப் பழைய வழியில் ஓட்டுவது போலக் கன்றுக் கொட்டிலைத் தாண்டிப் பழத்தோட்டத்துக்குள் போனோம். பரணைப் பார்க்காமல் நடந்தேன், அவர் பார்த்துக்கொண்டே நடந்தார். புல்லில் அந்தத் தடம் இருந்தது. அதன் மேலேயே நடந்து போனால் தடத்தின் கோடியில் கொழுகொழுவென்று ஒரு முள்ளெலி, எங்களைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது. ஒரு வருஷமாக உன் அப்பாவின் காலடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தடம் அதுதான். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போய் நின்றோம், யாரும் தொடவில்லை, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அணைந்தது. அப்பா பெட்டியின் மூடியைத் தூக்கினார். வாலைத் தூக்கிக்கொண்டு திரியுமே, அந்தச் சின்னப் பழுப்புக் குருவி, அது உள்ளேயிருந்து கிளம்பி என் முகத்தில் காற்றடிக்கப் பறந்து போயிற்று. புனல் வழியாகப் புகுந்து தின்னப் பழகியிருக்கிறது. உள்ளே முட்டை அட்டைகள், அவன் கடைசியாக அடுக்கி வைத்த மாதிரியே. குழியெல்லாம் றெக்கை. உடம்பு இல்லை, வெறும் றெக்கை, காய்ந்த இலை நிறத்தில், சாம்பல் நிறத்தில், உள்பக்கம் மஞ்சளாக. அட்டையைத் தூக்கினால் அடியில் இன்னும் இன்னும் றெக்கை, நான் விட்ட மூச்சுக்கே எழும்பி என் புடவையில் வந்து ஒட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்க விளக்கு அதுகளைக் கூப்பிட்டிருக்கிறது, காலையில் திறந்துவிட ஆளில்லை. ஒன்றுகூடச் சாகக் கூடாது என்றவனுடைய பெட்டி. அவன் விளக்கு எரிகிறதே என்று நான் ஜன்னலோரம் நின்று மனசைத் தேற்றிக்கொண்ட ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் மறுநாள் காலையில் இதுதான் நடந்திருக்கிறது.

அப்பா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து விளக்கின் தலையைத் தடவிப் பார்த்தார். மேலே ஒரு சின்னக் கண்ணாடிப் பொட்டு, பாசி படிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டிவிட்டுக் கட்டைவிரலால் அதை மூடினார். கொஞ்சம் பொறுத்து விளக்கு எரிந்தது. விரலை எடுத்தார், கொஞ்சம் பொறுத்து அணைந்தது. மறுபடி மூடினார். குழந்தை விளையாடுவது போல மூடுவதும் எடுப்பதுமாக எவ்வளவு நேரம் செய்துகொண்டிருந்தார் என்று தெரியாது, நான் நிறுத்தச் சொல்லவில்லை. இருட்டினா தானா போட்டுக்கும், விடிஞ்சா தானா அணைச்சுக்கும், பெரியவ பார்சல்ல அனுப்பினாளே, அவன் பொறந்தநாளுக்கு, அதுதான் இது என்றார். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது, இத்தனூண்டு பொருளுக்கு இத்தனை பெரிய பெட்டியா என்று நான் கேலி செய்த பார்சல். அன்னைக்குக் காலையில் அவன் திறக்க வரவில்லை, ப்ளக்கைப் பிடுங்கவும் வரவில்லை, அது பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அப்புறம்தான் அப்பா சொன்னார், நீ தினம் காலையில வந்து இதைத் திறந்து பாத்துட்டு அழுதுட்டுப் போறேன்னு நினைச்சேன், உன்னை இதுகிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடணும்னுதான் விக்கலாம்னேன் என்று. நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். நீ கேட்டிருக்கலாமே என்றார். அட்டைகளை வேலியோரம் உதறிவிட்டு, பெட்டியைத் துடைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தோம்.

வரும் வழியில்தான் அவர் சொன்னார், பெரியவகிட்டகூடச் சொன்னேன், அம்மா தோட்டத்துல விளக்குப் போடறா, எனக்குப் பயமா இருக்குன்னு. விடுங்கப்பா, கண்டுக்காதீங்கன்னா என்று. என்னிடம் சொன்ன அதே வார்த்தை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் போடுவதாக நான் சொன்னதும், நான் போடுவதாக அவர் சொன்னதும் உன் ஒரே காதில்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பொட்டை வாங்கி அனுப்பியவளும் நீ. அப்படியென்றால் அந்த விளக்கை யாருமே போடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா, சனிக்கிழமை முழுக்க உன்னை மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன், ஒரு பால் கேனைக்கூட நசுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தாய். அங்கே மழை என்றாய், லீவு கிடைக்கவில்லை என்றாய், கடைசியில் தோட்டத்துல லைட் எரியுதாம்மா என்று கேட்டாய். ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்விதான், ஆனால் அன்றைக்குத்தான் உன் குரல் எனக்குக் கேட்டது. நீ விளக்கைக் கேட்கவில்லை கண்ணு. தம்பியை விசாரித்திருக்கிறாய். நானும் எரியுது, எரியுது என்று, அவன் நலம் என்று ஒரு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கும் எரியுது என்று சொல்லிவிட்டேன், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லியிருந்தால் நாங்கள் அதைப் பிடுங்கியிருப்போம், பிடுங்கக் கூடாது என்று உனக்கு இருந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அவருக்கும். உன்மேல் இப்போது கோபம் இல்லை. ஆனால் நீ ஏன் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாய் என்பது இப்போது புரிகிறது. வந்தால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தாயிற்று, நாங்கள் திறந்துவிட்டோம். உனக்கு அந்த வேலை மிச்சம்.

பண்ணையை விற்கவில்லை. அப்பா போய் மேட்டுப் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார், அவருக்கு முகம் தொங்கிப்போயிற்றாம், ஆனாலும் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். திங்கட்கிழமையிலிருந்து மாடுகளைப் பழைய வழியில் ஓட்டுகிறார். முதல் நாள் கிழட்டுப் பசு பரணுக்கு அடியில் நின்றது, அதற்குப் பின்னால் எல்லாம் நின்றது, அப்பாவும் நின்றார். அது நடந்த பிறகு எல்லாம் நடந்தது. பரணைப் பிரித்துவிடலாமா என்று நான் கேட்டேன், இப்போதெல்லாம் நாங்கள் எதையும் கேட்டுக்கொள்கிறோம். வேண்டாம், பெரியவ ஏறிப் பாப்பா என்றார். மீந்து கிடந்த கோழிக் கம்பிவலையை அளவாக வெட்டி ஏணியின் ஒவ்வொரு படிக்கும் அடித்திருக்கிறார், ஈரமானாலும் கால் வழுக்காது. ஏறிக் குதித்துப் பார்த்து எனக்குக் காட்டினார், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு. அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, இதை அப்பவே அடிச்சிருக்கலாம் என்றார். நான் ஆணியை எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் பெரியவளே, இனிமேல் ஃபோன் செய்யும்போது தோட்டத்தில் லைட் எரியுதா என்று கேட்காதே. எரியவில்லை. அவன் இல்லை. என் முழங்கால் வலியைக் கேள், அப்பாவின் இருமலைக் கேள், நீ கேட்காமல் விட்ட கேள்வி நிறைய இருக்கிறது, எல்லாவற்றுக்கும் உண்மையாகவே பதில் சொல்கிறேன். லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வா, கலைமான் கத்தி ஓய்வதற்குள் வா. பெட்டியைத் துடைத்துப் புது முட்டை அட்டை போட்டுக் கன்றுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். நீ வந்த பிறகு, காலையில் எழுந்து திறப்பேன் என்று நீ சத்தியம் செய்தால் மட்டும், ஒரே ஒரு ராத்திரி விளக்குப் போடலாம். அந்தக் கண்ணாடிப் பொட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன், கையால்தான் போடவேண்டும், கையால்தான் அணைக்கவேண்டும். எல்லோரும் சேர்ந்து திறந்து, ஒவ்வொன்றாக வேலியில் விட்டுவிட்டு வந்து பால் காய்ச்சுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு தூங்காதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருப்பாய். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுதுங்க என்றால் நீயே எழுதிட்டியே என்கிறார், ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு தாளையும் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்கிறார்: வரும்போது அடிப்பாகம் வழவழவென்று இருக்கிற டவுன் செருப்பைப் போட்டுக்கொண்டு வராதே, நல்ல பிடிமானமுள்ள ஷூவாக வாங்கிக்கொண்டு வா, இங்கே இலையெல்லாம் ஈரமாக இருக்கிறது.

ஜன்னலை மூடிவிட்டு உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா